டி கோலின் பதவி விலகல், 1969

டி கோலின் பதவி விலகல் என்பது பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த சார்லஸ் டி கோல் (பிரெஞ்சு ஒலிப்பு: ஷார்ல் தெ கோல்), ஏப்ரல் 27, 1969 அன்று நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் தாம் முன்வைத்த சட்ட வரைவு தோல்வியுற்றதைத் தொடர்ந்து, மறுநாள் நண்பகல் முதல் பதவியை விட்டு நீங்கிய நிகழ்வைக் குறிக்கும். அவருடைய பதவிக்காலம் 1973 ஜனவரி வரை இருந்தது. வாக்கெடுப்பில் தோற்றால் விலக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. எனினும் தாமே அறிவித்த நிபந்தனைக்கு அவர் கட்டுப்பட்டார்.

இந்நிகழ்வு புதுச்சேரியுடனும் தொடர்புடையது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகள் இந்தியாவிடம் சட்டப்படி கையளிக்கப்பட்டபோது பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்தவர் டி கோலே ஆவார். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட ஏறத்தாழ 5,000 பேருக்கும் அவர்தம் வழியினருக்கும் 1969இல் விலகியவர் தம் நாட்டின் தலைவராகவே இருந்தார்.

## பின்னணி

டி கோல் 1958இல் ஆட்சிக்குத் திரும்பி ஐந்தாம் குடியரசின் அரசியலமைப்பை உருவாக்கினார். முக்கியமான முடிவுகளை நாடாளுமன்றத்தின் வழியாக அன்றி மக்களிடமே நேரடியாகக் கேட்டுப் பெறுவது அவருடைய ஆட்சிமுறையின் சிறப்பியல்பாக இருந்தது. 1969க்கு முன்னர் அவர் நான்கு பொது வாக்கெடுப்புகளை நடத்தி நான்கிலும் வென்றார்.

* செப்டம்பர் 28, 1958: புதிய அரசியலமைப்பு
* ஜனவரி 8, 1961: அல்சீரியாவின் தன்னாட்சி உரிமை
* ஏப்ரல் 8, 1962: அல்சீரியா குறித்த எவியான் உடன்படிக்கை
* அக்டோபர் 28, 1962: குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒவ்வொரு முறையும் கேள்வி வேறாக இருந்தாலும், "என்மீது நம்பிக்கை உண்டா?" என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே கேட்கப்பட்டது. மக்கள் மறுத்தால் தாம் பதவியில் நீடிக்கப் போவதில்லை என்பதை அவர் உணர்த்தி வந்தார்.

1968 மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த பெரும் வேலைநிறுத்தமும் பிரான்சை முடக்கின. அவருடைய பத்தாண்டு ஆட்சி போதும் என்ற முழக்கம் வீதிகளில் எழுந்தது. மே 24 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய டி கோல் ஒரு பொது வாக்கெடுப்பை அறிவித்தார். அதற்கு வரவேற்பு இல்லை. மே 30 அன்று அதனைத் தள்ளிவைத்துத் தேசிய சட்டமன்றத்தைக் கலைத்தார். ஜூனில் நடந்த தேர்தலில் அவருடைய ஆதரவாளர்கள் தனிப் பெரும்பான்மையுடன் வென்றனர். எனினும் இவ்வெற்றியின் பெருமையில் பெரும்பங்கு பிரதமர் ஜார்ஜ் பொம்பிடுவுக்கே சேர்ந்தது. சில வாரங்களில் பொம்பிடு நீக்கப்பட்டு மொரிஸ் கூவ் தெ மூர்வில் பிரதமரானார். தள்ளிவைத்த வாக்கெடுப்பை நடத்தும் எண்ணத்தை டி கோல் கைவிடவில்லை.

## வாக்கெடுப்பின் பொருள்

1969ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. ஆனால் அதில் இரண்டு செய்திகள் அடங்கியிருந்தன.

1. பிரான்சில் வட்டாரங்களை ஆட்சி அலகுகளாக அமைத்து அவற்றுக்கு அதிகாரங்களை வழங்குதல்.
2. மேலவையைப் (செனட்) பொருளாதார, சமூக மன்றத்துடன் இணைத்து, சட்டமியற்றும் அதிகாரமற்ற ஆலோசனை அவையாக மாற்றுதல்.

வட்டார அமைப்பை விரும்பியோர் பலர் இருந்தனர். மேலவையின் அதிகாரத்தைப் பறிப்பதைப் பலர் விரும்பவில்லை. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க வாக்காளருக்கு வழி இல்லை. 60க்கும் மேற்பட்ட பிரிவுகள் கொண்ட நீண்ட சட்ட வரைவு முழுவதற்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அச்சிட்ட தாள்களுள் ஒன்றை உறையிலிட்டுப் பெட்டியில் போட வேண்டியிருந்தது.

நடைமுறை குறித்தும் எதிர்ப்பு எழுந்தது. அரசியலமைப்பைத் திருத்த 89ஆம் பிரிவு வழிவகுக்கிறது. அதற்கு இரு அவைகளின் இசைவும் தேவை. தன் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்துக்கு மேலவை இசையாது என்பதால், டி கோல் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி நேரடியாக மக்களிடம் சென்றார். இது முறையன்று எனச் சட்ட அறிஞர் பலர் கருதினர்.

## எதிர்ப்பும் பரப்புரையும்

மேலவையின் முன்னாள் தலைவர் கஸ்தோன் மொன்னெர்வில்லும், 1968 அக்டோபரில் அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற அலென் பொயேரும் சட்ட வரைவை எதிர்த்தனர். இடதுசாரிக் கட்சிகளும் 'இல்லை' என வாக்களிக்கக் கோரின. இவை எதிர்பார்க்கப்பட்டவையே. வலதுசாரி அணியில் ஏற்பட்ட பிளவே முடிவைப் பெரிதும் பாதித்தது. முன்னாள் நிதியமைச்சர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் தாம் 'ஆம்' என வாக்களிக்கப் போவதில்லை என்று ஏப்ரல் நடுவில் அறிவித்தார்.

அதற்கு முன்பே, 1969 ஜனவரியில் உரோமையில் இருந்த பொம்பிடு, குடியரசுத் தலைவர் தேர்தல் வருமாயின் தாம் போட்டியிடக்கூடும் என்று கூறியிருந்தார். இதனால் மக்களின் எண்ணத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. முந்தைய வாக்கெடுப்புகளில் "டி கோல் போனால் யார்?" என்ற அச்சம் அவருக்குத் துணைநின்றது. இம்முறை அக்கேள்விக்கு ஒரு விடை இருந்தது. அவ்விடையும் அவருடைய அணியிலிருந்தே வந்தது.

ஏப்ரல் 25 அன்று ஆற்றிய இறுதி உரையில், பெரும்பான்மையினர் மறுத்தால் தாம் உடனே பதவியிலிருந்து விலகிவிடுவதாக டி கோல் மக்களிடம் தெரிவித்தார். கடைசி நாள்களின் கருத்துக் கணிப்புகள் 'இல்லை' முன்னிலையில் இருப்பதைக் காட்டின. அவர் அன்றே எலிசே மாளிகையை விட்டு, கொலொம்பே-லே-தேசெக்ளீஸ் என்ற சிற்றூரிலுள்ள தம் இல்லத்துக்குச் சென்றார். அதன் பின்னர் அவர் அம்மாளிகைக்குத் திரும்பவே இல்லை.

## முடிவுகள்

* பதிவு செய்த வாக்காளர்: 2,93,92,390
* வாக்களித்தோர்: 2,35,52,611 (80.13%)
* ஆம்: 1,09,01,753 (47.59%)
* இல்லை: 1,20,07,102 (52.41%)
* வெற்று மற்றும் செல்லாத வாக்குகள்: 6,43,756

வேறுபாடு ஏறத்தாழ 11 இலட்சம் வாக்குகள். ஐந்தில் நால்வர் வாக்களித்தமையால், மக்கள் ஆர்வமின்றி இருந்ததால் நேர்ந்த தோல்வி என்று இதனைக் கூற இயலாது.

நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் கொலொம்பேயிலிருந்து ஓர் அறிக்கை வெளியானது. அதில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. தாம் குடியரசுத் தலைவராகப் பணியாற்றுவதை நிறுத்திக்கொள்வதாகவும், இம்முடிவு அன்று நண்பகலில் நடைமுறைக்கு வருவதாகவும் அது தெரிவித்தது. காரணமோ குறையோ நன்றியோ அதில் இடம்பெறவில்லை.

## மக்களின் எதிர்வினை

டி கோல் நீங்கினால் நாடு குழப்பத்தில் ஆழும் என்று அவருடைய ஆதரவாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தனர். அத்தகைய குழப்பம் எதுவும் நேரவில்லை. பாரிசின் இலத்தீன் குவார்ட்டர் பகுதியில் இளைஞர்கள் திரண்டனர். காவல்துறையினருடன் மோதல்களும் ஏற்பட்டன. ஆனால் முந்தைய ஆண்டின் மே மாதம் திரும்பவில்லை. அரசு அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கின. பிரதமரும் அமைச்சர்களும் தத்தம் பணியில் தொடர்ந்தனர்.

அரசியலமைப்பின்படி மேலவைத் தலைவர் பொயேர் இடைக்காலக் குடியரசுத் தலைவரானார். தோற்றுப்போன சட்ட வரைவு, இடைக்காலத் தலைமையை மேலவைத் தலைவரிடமிருந்து பிரதமருக்கு மாற்றவும் வகை செய்திருந்தது. எந்த அவையின் அதிகாரத்தைக் குறைக்க டி கோல் முயன்றாரோ, அந்த அவையின் தலைவரே அவருடைய இடத்தில் அமர்ந்தார்.

பொதுமக்களில் பெரும்பாலோர் அதுவரை அறிந்திராத பொயேர், சில நாள்களிலேயே செல்வாக்குப் பெற்றார். மே மாதத் தொடக்கக் கணிப்புகள் சில, இரண்டாம் சுற்றில் அவர் பொம்பிடுவை வெல்லக்கூடும் என்றன. பதினோர் ஆண்டுகள் ஓங்கிய குரலுக்குப் பழகியிருந்த மக்கள், ஆரவாரமற்ற ஒருவரை ஆறுதலாகக் கண்டனர் என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

இந்த ஈர்ப்பு நீடிக்கவில்லை. ஜூன் 1 அன்று நடந்த முதற்சுற்றில் பொம்பிடு 44.47%, பொயேர் 23.31%, பொதுவுடைமைக் கட்சியின் ஜாக் துக்ளோ 21.27% வாக்குகள் பெற்றனர். எஞ்சிய இருவரும் ஒரே வகையினரே என்று கூறிய துக்ளோ, இரண்டாம் சுற்றில் வாக்களிக்க வேண்டாம் எனத் தம் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 15 அன்று பொம்பிடு 58.21% வாக்குகளுடன் வென்றார். ஏறத்தாழ 31% வாக்காளர்கள் அன்று வாக்களிக்கவில்லை.

இவ்விரு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏப்ரலில் டி கோலை மறுத்த மக்கள், ஜூனில் அவருடைய முன்னாள் பிரதமரையே தேர்ந்தெடுத்தனர். அவர்கள் ஆட்சிமுறையை மறுக்கவில்லை. அம்முறை ஒருவரையே சார்ந்து நிற்பதை மறுத்தனர் என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

இக்காலத்தில் டி கோல் பிரான்சில் தங்கவில்லை. மே 10 அன்று அயர்லாந்து சென்ற அவர், தேர்தல் முடிந்த பின்னர் ஜூன் 19 அன்றே திரும்பினார். எந்த வேட்பாளருக்கும் சார்பாகவோ எதிராகவோ தம் இருப்பு பயன்படாதவாறு பார்த்துக்கொண்டார். பின்னர் நினைவுக் குறிப்புகளை எழுதுவதில் ஈடுபட்டு, நவம்பர் 9, 1970 அன்று கொலொம்பேயில் காலமானார்.

## புதுச்சேரியுடனான தொடர்பு

டி கோலின் பெயர் புதுச்சேரியில் அறியப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போதாகும். 1940இல் பிரான்சு செருமனியிடம் வீழ்ந்த பின்னர், ஆளுநர் லூயி போன்வென் தலைமையிலிருந்த பிரெஞ்சு இந்தியா அவ்வாண்டு செப்டம்பரில் டி கோலின் சுதந்திர பிரான்சு இயக்கத்துடன் இணைந்தது. சுற்றிலும் பிரித்தானிய இந்தியா இருந்தமையும் இம்முடிவுக்கு ஒரு காரணமாகும்.

இரண்டாவது தொடர்பு பொது வாக்கெடுப்புகள் வழியே வருகிறது. மக்களின் இசைவின்றி நிலப்பகுதியைக் கையளிப்பது செல்லாது என 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பு கூறியது. அதன்படி ஜூன் 19, 1949 அன்று சந்திரநாகூரில் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 7,463 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 114 பேர் எதிர்த்தனர். தென்னிந்தியப் பகுதிகளில் அத்தகைய நேரடி வாக்கெடுப்பு நடைபெறவில்லை. மாறாக, அக்டோபர் 18, 1954 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1, 1954 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது.

கையளிப்பு ஒப்பந்தம் மே 28, 1956 அன்று புது தில்லியில் கையெழுத்தானது. ஆனால் அல்சீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வேறொரு நிலப்பகுதியைக் கையளிக்கும் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கவில்லை. 1962 ஏப்ரல் வாக்கெடுப்பில் அல்சீரியச் சிக்கல் முடிவுக்கு வந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16, 1962 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. டி கோல் வென்ற ஒரு வாக்கெடுப்பு, தொலைவிலிருந்த புதுச்சேரியின் நிலையையும் இவ்வாறு மறைமுகமாகத் தீர்மானித்தது.

### பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோர்

ஒப்பந்தத்தின்படி, அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இவ்வாறு அறிவித்தோருள், உள்ளூர் வழக்கில் 'சொல்தா' எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர்களும் அரசு ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இருந்தனர். ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி, பிரான்சில் வேலைவாய்ப்பு ஆகியவை இக்குடியுரிமையுடன் பிணைந்திருந்தன.

எனவே பாரிசில் ஆட்சித்தலைமை மாறியது இக்குடும்பங்களுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அன்று. ஆயினும் அவர்களுடைய உரிமைகள் டி கோல் என்ற தனி மனிதரின் தயவில் இருக்கவில்லை. அவை ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே குடியரசுத் தலைவர் விலகியதால் அவை மாறவில்லை.

தூதரகங்களில் வாக்குச்சாவடி அமைத்து வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் வாக்களிக்கும் முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்பட்டது. ஆதலால் 1969இல், தம் நாட்டுத் தலைவரின் நிலையைத் தீர்மானித்த அந்த வாக்கெடுப்பில் அவர்கள் புதுச்சேரியில் இருந்தவாறே வாக்குப்பெட்டியில் வாக்கைச் செலுத்த இயலவில்லை. பிற்காலத்தில் இந்நிலை மாறியது. பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது புதுச்சேரியிலேயே வாக்குப்பதிவு நடைபெறுகிறது. 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் தேசிய சட்டமன்றத்துக்கு 11 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்தியா 11ஆம் தொகுதியில் அடங்கும்.

## இந்தியச் சூழல்

டி கோல் விலகிய ஐந்தாம் நாள், மே 3, 1969 அன்று, இந்தியக் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் காலமானார். குடியரசுத் துணைத் தலைவர் வி. வி. கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். ஒரே காலத்தில் இரு குடியரசுகளும் இடைக்காலத் தலைமையின் கீழ் இருந்தன. ஆனால் இரண்டும் வேறுபட்டவை. பிரான்சில் குடியரசுத் தலைவரே ஆட்சியை வழிநடத்துபவர். இந்தியாவில் பிரதமரும் அமைச்சரவையுமே ஆட்சி நடத்துகின்றனர்.

இந்திய அரசியலமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. எனினும் புதுச்சேரியைப் போலவே ஐரோப்பியர் ஆட்சியிலிருந்து வந்த கோவாவில், மகாராட்டிரத்துடன் இணைவதா என்பது குறித்து ஜனவரி 16, 1967 அன்று கருத்து வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்கும் பொருட்டு, இணைப்பை ஆதரித்த முதலமைச்சர் தயானந்த் பண்டோட்கரின் அமைச்சரவை முன்கூட்டியே விலகியது. ஒன்றியப் பகுதியாக (யூனியன் பிரதேசம்) நீடிக்க 1,72,191 பேரும், இணைப்புக்கு 1,38,170 பேரும் வாக்களித்தனர். இணைப்பு தோற்றது. ஆனால் அவ்வாண்டே நடந்த சட்டமன்றத் தேர்தலில் பண்டோட்கரின் கட்சி வென்று அவர் மீண்டும் முதலமைச்சரானார். ஒரு தலைவரின் கொள்கையை மறுத்துவிட்டு அத்தலைவரை ஏற்க மக்களால் இயலும் என்பதற்குக் கோவா எடுத்துக்காட்டாகும்.

புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் எண்ணம் 1979இல் எழுந்தபோது, வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. ஜனவரியில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. அதன் பின்னர் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

## பிற நாடுகளில் ஒத்த நிகழ்வுகள்

* நார்வே, 1972: ஐரோப்பிய சமூகத்தில் சேர்வது வாக்கெடுப்பில் தோற்றது. பிரதமர் திரிக்வே பிராத்தெலி விலகினார்.
* சிலி, 1988: அகஸ்தோ பினோசே தம் ஆட்சியை நீட்டிக்கக் கோரிய வாக்கெடுப்பில் தோற்றார். எனினும் 1990 மார்ச் வரை பதவியில் இருந்தார்.
* பிரான்சு, 2005: ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை 54.67% பேர் மறுத்தனர். குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் விலகவில்லை. பிரதமர் ழான்-பியேர் ரஃபாரின் விலகினார்.
* ஐக்கிய இராச்சியம், 2016: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற 51.9% பேர் வாக்களித்தனர். பிரதமர் டேவிட் கேமரன் மறுநாள் விலகலை அறிவித்தார்.
* இத்தாலி, 2016: மேலவையின் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தம் தோற்றதும் பிரதமர் மத்தேயோ ரென்சி விலகினார். மேலவைச் சீர்திருத்தத்தில் தம் பதவியைப் பணயம் வைத்ததில் இது 1969ஐ ஒத்துள்ளது.

## விளைவுகளும் மதிப்பீடும்

மக்கள் மறுத்த இரு முன்மொழிவுகளுள் ஒன்று, வேறு வழியில் நிறைவேறியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் வட்டாரங்களை அமைத்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை விரிவுபடுத்தியது. 1986இல் வட்டார மன்றங்களுக்கு முதன்முறையாக நேரடித் தேர்தல் நடந்தது. மேலவையோ தன் அதிகாரத்துடன் நீடித்தது. 1974இல் குடியரசுத் தலைவர் பொம்பிடு பதவியிலிருக்கும்போதே காலமானபோது, அதே பொயேர் மேலவைத் தலைவர் என்ற முறையில் இரண்டாம் முறையும் இடைக்காலத் தலைவரானார்.

1969க்குப் பின்னர் பிரான்சில் 1972, 1988, 1992, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் பொது வாக்கெடுப்புகள் நடைபெற்றன. எந்தக் குடியரசுத் தலைவரும் தம் பதவியை முடிவுடன் பிணைக்கவில்லை.

டி கோலின் முடிவு இருவகையாக மதிப்பிடப்படுகிறது. சட்டம் குறித்த கேள்வியைத் தம்மைக் குறித்த கேள்வியாக மாற்றியதால், வாக்காளர்கள் சட்டத்தை எடைபோட இயலாமற் போயிற்று என்பது ஒரு சாராரின் கருத்து. மக்களின் இசைவு நீங்கியபின் ஒரு நாளும் பதவியில் இருக்கலாகாது என்ற நெறியை அவர் தம் செயலால் நிறுவினார் என்பது மற்றொரு சாராரின் கருத்து. அவர் சென்ற பின்னும் அவர் உருவாக்கிய அரசியலமைப்பு குலையாமல் இயங்கியது என்பதை இரு சாராரும் ஏற்கின்றனர்.

## இவற்றையும் பார்க்கவும்

* பிரெஞ்சு இந்தியா
* கீழூர் வாக்கெடுப்பு
* புதுச்சேரி வரலாறு
* பொது வாக்கெடுப்பு
* பிரான்சின் ஐந்தாம் குடியரசு